பதினான்கு மாதம் வாத்தியாராக இருந்தவர்

கேள்வி: நாங்கள் நான்கு தலைமுறையாக ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். என் கொள்ளுத்தாத்தா 1886-இல், தம் இருபத்திரண்டாம் வயதில், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து புத்தூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்துப் போர்டு பள்ளிக்கு (உள்ளாட்சி மன்றப் பள்ளிக்கு) உபாத்தியாயராக நியமனம் பெற்று வந்தவர். பதினான்கே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஒரு மண்டியில் கணக்கெழுதப் போய்விட்டார். ‘பாடம் நடத்தத் துப்பில்லாமல் ஊராரால் துரத்தப்பட்டவர்’ என்று சொல்லக் கேட்டே வளர்ந்தோம். இப்போது குடும்ப வரலாறு எழுதுகிறேன். அவருடைய நோட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு நாளுக்கும் 31, 12 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கின்றன. மாதந்தோறும் ‘சம்பளம் 7, மணியார்டர் 3’ என்று வருகிறது. ஓரிடத்தில் ‘ரிசல்ட் 11-4-0’ என்று எழுதி அடித்திருக்கிறது. கடைசிப் பக்கங்களில் தெலுங்குச் சொற்கள் தமிழ் எழுத்தில் உள்ளன. அவர் தோற்றுப்போன வாத்தியார் என்றே எழுதிவிடலாமா?

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா,

எழுதிவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்வித்துறைக் கோப்புகளைப் படிப்பதே என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் இருக்கும் நான்கு குறிப்புகளும் பாடம் நடத்தத் தெரியாத ஒருவரைக் காட்டவில்லை. ஒருவராலும் முழுதாகச் செய்து முடிக்க முடியாத வேலையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட ஓர் இளைஞரையே காட்டுகின்றன. அந்த வேலைக்கு ஊர் ஒரு கணக்கு வைத்திருந்தது, சர்க்கார் வேறொரு கணக்கு வைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் குறை வந்து சேர்ந்தது.

முதலில் அந்த ஏழு ரூபாயைப் பார்ப்போம். சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826 மார்ச்சில் அவர் தொகுத்து எழுதிய குறிப்பின்படி ராஜதானியில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். அதே குறிப்பில், ஒரு பிள்ளைக்கு மாதம் நாலணா முதல் எட்டணா வரை வாங்கும் உபாத்தியாயருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை என்றும், தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது என்றும் அவர் எழுதினார். தாசில்தாரி (தாலுகா) பள்ளிகளுக்கு 9 ரூபாயும் கலெக்டரேட் (மாவட்ட) பள்ளிகளுக்கு 15 ரூபாயும் மாதச் சம்பளமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. அறுபது ஆண்டுகள் கழித்து உங்கள் கொள்ளுத்தாத்தாவின் நோட்டில் இருப்பது, போதாது என்று 1826-இலேயே ஒரு கவர்னர் கைப்பட எழுதிய அதே ஏழு ரூபாய். அதிலிருந்து மூன்று ரூபாயை அவர் மாதம் தவறாமல் ஊருக்கு அனுப்பியிருக்கிறார். தபால் மணியார்டர் இந்தியாவில் 1880-இல்தான் வந்தது. அது வந்து ஆறு ஆண்டுகளுக்குள் அதை மாதந்தோறும் பயன்படுத்திய ஒரு மகனை நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். மீதி நான்கு ரூபாயில் அந்நிய ஊரில் ஒருவர் அரிசி வாங்கி, விளக்கெண்ணெய் வாங்கி, பள்ளிக்கு வரும் அதிகாரிக்கு எதிரில் நிற்கத் தகுந்த ஒரு சட்டையும் வைத்திருக்க வேண்டும்.

பழைய திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கும் காசு அதிகம் கிடைத்ததில்லை. ஆனால் அவர் காசை மட்டும் நம்பியிருக்கவில்லை. அறுவடையின்போது களத்திலிருந்து தானியம் வரும். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் தட்சிணையும் துணியும் வரும். நவராத்திரியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடுவீடாகப் பாடிப்போனால் வீட்டுக்கு வீடு ஏதாவது தருவார்கள். இந்த வழக்கம் தமிழ்ப் பக்கத்திலும் உண்டு, தெலுங்குப் பக்கத்தில் தசராவுக்கும் உண்டு. போர்டு வாத்தியார் வந்தவுடன் ஊரார் கேட்ட முதல் கேள்வி, ‘உனக்குத்தான் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறதே, நாங்கள் எதற்குக் கொடுக்க வேண்டும்?’ என்பதாகவே இருந்திருக்கும். அதில் நியாயமும் இருந்தது. 1871-ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டமும் 1884-ஆம் ஆண்டு உள்ளாட்சி மன்றச் சட்டமும் வந்தபின் ஊர்ப் பள்ளிக்கூடச் செலவு உள்ளூர் வரியிலிருந்தே போயிற்று. வரியும் கொடுத்துவிட்டு நெல்லும் கொடுப்பானேன் என்று நினைத்த குடியானவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவாக, ஊர் தாங்கிப் பிடித்திருந்த ஒரு தொழில் ஊர் வேடிக்கை பார்க்கும் தொழிலாக மாறியது.

இனி ‘ரிசல்ட்’ என்ற சொல். உங்கள் நோட்டிலேயே முக்கியமான வரி அதுதான் என்று நினைக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிள்ளைகள் பரீட்சையில் தேறினால் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் முறையை 1862-இல் இங்கிலாந்தில் கொண்டுவந்தார்கள். சிறிது காலத்திலேயே அது சென்னை ராஜதானிக்கும் வந்துவிட்டது. திண்ணைப் பள்ளிகள் பலவும் இந்த உதவித்தொகையை நம்பியே துறையின் பட்டியலில் சேர்ந்தன. சில பள்ளிகளில் சிறிய நிலைச் சம்பளமும் அதன்மேல் ரிசல்ட் பணமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது; உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பள்ளி அந்த வகையாக இருக்கலாம். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பிள்ளையும் தேறினால் அதற்கென்று ஒரு தொகை வரும், தேறாவிட்டால் வராது. ஆண்டு முழுவதும் நடந்த பாடத்துக்கு அதிகாரி வந்து உட்காரும் அந்த ஒரு நாளே கணக்கு.

அந்த நாளை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். கிராம முன்சீப் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி இரவல் வந்திருக்கும். பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரி அனுப்பியிருப்பார்கள். அதுவரை கண்டிராத ஒருவர், தலைப்பாகையும் கோட்டுமாக, பழக்கமில்லாத ஒரு தமிழில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி எழுதச் சொல்வார். எட்டு வயதுப் பிள்ளை அவருடைய முகத்தைப் பார்க்குமே தவிர பலகையைப் பார்க்காது. முந்தின நாள் வரை அதே வாக்கியத்தைத் தவறில்லாமல் எழுதிய பிள்ளை அன்று வாய் திறக்காமல் நின்றால், வாத்தியாரின் கணக்கில் சில அணாக்கள் போய்விட்டன. அன்று இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் போயிற்று. சந்தை நாளில் அதிகாரி வந்துவிட்டால் பாதிப் பள்ளி அங்கே இராது. பிள்ளைக்கு அம்மை போட்டதற்கு வாத்தியாரின் வருமானத்தில் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. இதைக் கற்பித்தல் முறை என்று யாரும் அழைத்ததை நான் இன்றுவரை பொறுமையோடு படிக்க முடிந்ததில்லை.

11-4-0 என்பது 11 ரூபாய் 4 அணா 0 பை. அக்காலத்தில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகை அது. அதை அவர் அடித்திருப்பதைக் கொண்டு பணம் கைக்கு வரவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அக்காலத்துக் கணக்கெழுத்தில் வந்து சேர்ந்த தொகையையும் அடிப்பார்கள், தள்ளுபடியான தொகையையும் அடிப்பார்கள். அந்தக் கோடு ஒரே இழுப்பாக இருக்கிறதா, மறுபடி மறுபடி இழுத்ததாக இருக்கிறதா, அதற்கு அடுத்த மாதத்தில் மணியார்டர் தொகை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ரூபாய் மூன்று ரூபாயாகவே இருந்தால், எனக்கு அந்தப் பதினொன்றேகால் ரூபாயைப் பற்றிக் கவலை வரும்.

ஒவ்வொரு நாளுக்கும் உள்ள இரண்டு எண்கள் காலை வருகையும் மாலை வருகையுமாகவே இருக்க வேண்டும். அக்காலப் பள்ளி விடியலில் தொடங்கும். பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையில் காலை ஆறு மணிக்கே பள்ளி திறந்துவிடும் என்று இருக்கிறது. முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குப் புகழும் இல்லை பழியும் இல்லை என்று ஒரு சுழி. மூன்றாவது பிள்ளைக்கு மெல்ல ஓர் அடி, நான்காவதற்கு இரண்டு, அப்படியே கடைசிப் பிள்ளை வரை ஏறிக்கொண்டே போகும். அது கன்னடமும் தெலுங்கும் பேசும் சீமையைப் பற்றிய அறிக்கை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து படித்த நம் பெரியவர்கள் எவரும் அதைத் தம் பள்ளி என்றே சொல்லியிருப்பார்கள். காலையில் 31 பேர் வந்து, கஞ்சி குடித்துவிட்டு மாடு ஓட்டப் போனபின் மாலையில் 12 பேர் இருந்தால் அதில் வியப்பு ஏதும் இல்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. வருகை குறைந்தால் பள்ளியையே மூடிவிடுவார்கள் என்ற பயம் இருந்ததால், எத்தனையோ வாத்தியார்கள் இல்லாத பிள்ளைகளைப் பட்டியலில் ஏற்றினார்கள். பொய் வருகை என்பது அதிகாரிகளின் அறிக்கைகளில் ஓயாத புலம்பல். உங்கள் கொள்ளுத்தாத்தா 12 என்று எழுதியிருக்கிறார். தம் சொந்த நோட்டில் உண்மையையும் சர்க்கார் புத்தகத்தில் வேறு எண்ணையும் எழுதினாரா என்பதை இந்த நோட்டை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. ஆனாலும் மாலையில் எத்தனை பேர் எஞ்சினார்கள் என்று நாள் தவறாமல் எண்ணிப் பார்த்தவருக்கு அந்த வேலையில் அக்கறை இல்லாமல் போயிருக்காது.

அந்த ஆண்டின் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1886-இல் ஏழு வயது முதல் பத்து வயது வரை இருந்தவர்கள் 1876-க்கும் 1879-க்கும் இடையில் பிறந்தவர்கள். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நடந்தது, புத்தூர் அன்று சேர்ந்திருந்த வட ஆற்காடு மாவட்டம் அதில் கடுமையாக அடிபட்டது. 1871-இல் ஏறத்தாழ இருபது லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881-இல் சுமார் பதினெட்டு லட்சமாக இறங்கியது. பஞ்சத்தில் பிறப்புகள் குறைந்தன, பிறந்தவற்றிலும் பல தங்கவில்லை. பள்ளிக்கு வர வேண்டிய வயதில் ஊரில் பிள்ளைகளே குறைவு; இருந்த பிள்ளைகளும், மாட்டை விற்று நிலத்தை அடகு வைத்த வீடுகளிலிருந்து வர வேண்டியவர்கள். பிள்ளைகளைத் திரட்ட முடியவில்லை என்று அந்த இளைஞர் மேல் ஊரோ அதிகாரியோ குறை சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதை அவர்களே அறிவார்கள்.

இப்போது தெலுங்குச் சொற்கள் இருக்கும் கடைசிப் பக்கங்களுக்கு வருகிறேன். அனுப்பிய படத்தில் ‘ரா, வா’, ‘கூர்ச்சோ, உட்கார்’, ‘ரேப்பு, நாளைக்கு’, ‘செப்பு, சொல்’ என்று இரண்டு பத்தியாக இருக்கிறது. தெலுங்குப் பள்ளியில் படித்த நீங்கள் இதை என்னைவிட நன்றாகப் படிப்பீர்கள். இரவு விளக்கில் உட்கார்ந்து, பகலில் பிள்ளைகள் வாயில் கேட்டதை எழுதிவைத்து, தம் மாணவர்களின் மொழியைத் தாமே கற்றுக்கொண்ட ஓர் ஆசிரியரின் பாடநூல் இது. அக்காலத்தில் புத்தூர், திருத்தணி வட்டாரம் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. மாவட்டத் தலைநகரம் சித்தூர். ஒரு தெருவில் தமிழும் அடுத்த தெருவில் தெலுங்கும் அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். ஆனால் பரீட்சைக்குப் பிள்ளையை ஏதாவது ஒரு மொழியில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவரை நியமித்துவிட்டால், வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை தமிழில் சொல்வதெழுதல் எழுதித் தேற வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் தம் இலக்கணப் பாடத்தில் ‘செப்பு’ என்பதைப் பெரியோர் வாக்காகப் படித்திருப்பார். இங்கே மாடு மேய்க்கும் பிள்ளை அதைத் தெருவில் சொல்வதைக் கேட்டபோது என்ன நினைத்தாரோ! எந்த உத்தரவும் அவரைத் தெலுங்கு கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்காது. அதற்கென்று ஒரு காசும் வந்திருக்காது. உங்கள் குடும்ப வரலாற்றில் ஒரே ஒரு படம் போட இடமிருந்தால் இந்தப் பக்கத்தைப் போடுங்கள்.

பாடம் நடத்தத் துப்பில்லை என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கும் எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊர் எதிர்பார்த்த பாடம் வேறு. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், நல்வழி என்று ஓதிவிட்டு, எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மாகாணி 16-இல் ஒன்று. இவற்றைப் பெருக்கியும் கூட்டியும் வாயாலேயே விடை சொல்லும் பிள்ளையைத்தான் ஊர் படித்த பிள்ளை என்றது. இது வீண் மனப்பாடம் அன்று. ரூபாயில் 16-இல் ஒரு பங்குதானே அணா. அந்த மாகாணி வாய்பாடு தெரிந்தவன் சந்தையில் ஏமாற மாட்டான். மாகாணிக்கு வீசம் என்றும் பெயர், தெலுங்கிலும் அது வீசமே. துறையின் பாடத்திட்டமோ அச்சிட்ட வாசகப் புத்தகம், கற்பலகை, 1, 2, 3 என்று புது இலக்கம், கீழ்வாய் இலக்கம் என்ற பழைய பின்னங்கள் இல்லாத கணக்கு என்று வந்தது. திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், மூன்று மாதம் படித்த பேரனைக் கூப்பிட்டு, ‘முக்காலே அரைக்கால் படியை (எட்டில் ஏழு பங்கை) நாலு மடங்காக்கு’ என்று கேட்டிருப்பார். பேரன் பலகையைத் தேடியிருப்பான். அந்த வினாடியில் ஊரின் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. மூன்றரைப் படி என்ற விடையை அந்தப் பிள்ளை பலகையில் சரியாகவே போட்டிருந்தாலும் அதனால் பயன் இல்லை. பக்கத்துத் தெருவில் பழைய திண்ணை வாத்தியார் ஒருவரும் இருந்திருந்தால், அவரிடம் படித்தவர்களே ஊரில் பெரிய மனிதர்களாக இருந்திருப்பார்கள். இருபத்திரண்டு வயதுக்காரர் யாரை எதிர்த்து நின்றிருப்பார்?

தங்குமிடம், சாப்பாடு, தண்ணீர் எடுக்கும் இடம் எல்லாவற்றிலும் சாதி குறுக்கே நின்றிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். யார் வீட்டுத் திண்ணையில் பள்ளி நடந்ததோ அவர் விருப்பப்படிதான் யார் படிக்கலாம் என்பதும் நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் படிப்புக்கென்று சென்னை அரசு தனி ஆணை பிறப்பித்ததே 1893-இல்தான். உங்கள் கொள்ளுத்தாத்தா இதில் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு நோட்டில் சான்று இல்லாதவரை, அவரை எதிர்த்துப் போராடியவராகவும் எழுத வேண்டாம், ஒத்துப்போனவராகவும் எழுத வேண்டாம். அந்தப் பள்ளியின் பெயர்ப் பட்டியல் நோட்டில் எங்காவது இருந்தால், அதில் எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் இல்லை என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களுக்கான அரசுப் பயிற்சிப் பள்ளி சென்னையில் 1856-இலேயே தொடங்கிவிட்டது. அதுவே பின்னர் சைதாப்பேட்டைக்குப் போனது. ஆனால் கிராமத்துப் பள்ளிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் அதன் வாசலைப் பார்த்ததில்லை. ஒரே திண்ணையில் அரிச்சுவடிப் பிள்ளையையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையையும் ஒரே ஆளாக வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையை நம்பியே வண்டி ஓடியிருக்கும்.

மண்டிக்குக் கணக்கெழுதப் போனதைத் தோல்வியாக உங்கள் வீட்டார் நினைத்ததும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மண்டிக்காரர்கள் கணக்கு வராத ஆளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கமாட்டார்கள். இரண்டு மொழியிலும் பேச வந்த, கையெழுத்து நன்றாக உள்ள, நாள் தவறாமல் கணக்கு எழுதும் ஓர் ஆள் எல்லைச் சீமையின் மண்டியில் எவ்வளவு வேண்டப்பட்டிருப்பார் என்பதை நகரியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வரலாற்றில் இப்படி எழுதலாம்: 1886-இல் ஏழு ரூபாய்ச் சம்பளத்தில் வந்தார், பதினான்கு மாதம் வேலை பார்த்தார், விட்டார். துரத்தப்பட்டார் என்பது குடும்பத்தில் வழங்கும் பேச்சு என்று குறித்து, அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் சேர்த்து எழுதுங்கள். பேச்சை மறைக்க வேண்டாம், அதற்குச் சான்றின் மதிப்பும் கொடுக்க வேண்டாம். மேலும் தேட விரும்பினால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் அமைந்தது. எனவே வட ஆற்காடு மாவட்டத்துப் பதிவுகளைக் கேட்க வேண்டும், சித்தூரைக் கேட்டால் 1886 அகப்படாது. கல்வித்துறையின் ஆண்டறிக்கைகளில் தனி வாத்தியாரின் பெயர் வராது. ஆனால் அந்த ஆண்டில் அந்த வட்டாரத்தில் பள்ளிகள் எப்படி இருந்தன என்பது தெரியும். அவர் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றிருந்தால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டின் பக்கங்களில் பெயர் இருக்க வாய்ப்புண்டு. தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் தேடுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்.

நோட்டைத் தயவுசெய்து லேமினேஷன் செய்ய வேண்டாம், கிழிந்த இடத்தில் செல்லோடேப்பும் ஒட்ட வேண்டாம். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, கஞ்சி போடாமல் துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிக் காற்றோட்டமான அலமாரியில் படுக்கை வசமாக வையுங்கள். அதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள். ‘ரிசல்ட்’ என்று அடித்திருக்கும் பக்கத்தையும் அதற்கு அடுத்த இரண்டு பக்கங்களையும் எனக்கு அனுப்பினால், அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன்.